ஆட்சேபனை இல்லை என்று கூறினாள்

கடித இல. 1
தேற்றாத்தீவு,
2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 6.40.

அன்பின் மருமகன் திவாகரனுக்கு,

நீயும் உன்னோடு ஓரறையில் வசிக்கும் காத்தான்குடி நண்பர் நளீரும் கத்தாரில் சுகமாயிருப்பீர்கள் என எண்ணுகிறேன். என் முழங்கால் வலி மார்கழி மழையோடு வந்தது. மழை போய்விட்டது, வலி போகவில்லை. மற்றும்படி குறைவில்லை.

உன் அக்கா இராசாத்தி இம்மாதம் 2ஆம் திகதி கிரானிலிருந்து நேரில் வந்து, உனக்கும் கேதீஸ்வரிக்கும் இடையில் நான் நின்று பேசவேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். உன் தாயுடன் பிறந்தவன் என்ற முறையில் என்னால் மறுக்க இயலாது. ஆயினும் தொடங்குமுன் நடந்தவற்றைத் திகதி ஒழுங்கில் குறித்துக்கொள்கிறேன். பிழையிருந்தால் திருத்தவும்.

சென்ற ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் திகதி நீ இராசாத்தியின் போனுக்கு ஒரு குரற்பதிவு அனுப்பினாய். அதில், "அவள்ர வீட்டில நான் நாய் மாதிரிக் கிடந்தன்" என்று கூறினாய். அப்பதிவு இராசாத்தியிடமிருந்து அவளுடைய மச்சாளுக்கும், மச்சாளிடமிருந்து குருக்கள்மடத்துக்கும் சென்று, 14ஆம் திகதி உன் மனைவியின் காதை அடைந்தது. அவள் உன் போன் இலக்கத்தைத் தடைசெய்தாள். செப்டெம்பரில் நீ விடுமுறையில் வந்தாய். அது அவளுடைய சீதன வீடு; கோபித்துக்கொண்ட கணவன், அவ்வீட்டுப் பெண் அழையாமல் படலையைத் திறப்பதில்லை என்பது நம் ஊர் வழக்கம். அவள் அழைக்கவில்லை. நீ விடுமுறை முழுவதையும் அக்காவின் நெல்வட்டை வரம்பில் நடந்து கழித்துவிட்டுத் தோஹாவுக்குத் திரும்பினாய்.

என் நிபந்தனைகள் இரண்டு. முதலாவது, போனில் ஒரு சொல்லும் பேசப்படக்கூடாது. அனைத்தும் தபாலில் வரவேண்டும். குரல் எத்தனை கைகளுக்குப் போகும் என்பதை நீ கண்டிருக்கிறாய். இரண்டாவது, ஒருவர் கூற்றை மற்றவருக்கு நான் அயற்கூற்றில் மட்டுமே கொண்டுசெல்வேன். நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றுவதை ஆங்கில வகுப்புகளில் முப்பத்தேழு ஆண்டுகள் கற்பித்தவன் நான். அதில் 'நான்' என்பது 'அவன்' ஆகும். 'இங்கே' என்பது 'அங்கே' ஆகும். 'நாளை' என்பது 'மறுநாள்' ஆகும். விளிச்சொல், பெருமூச்சு, ஏச்சு ஆகியவை வெளியே நிற்கும். பொருள் மட்டும் உள்ளே வரும். உன் ஆகஸ்ட் மாதக் கூற்று என் வழியாகப் போயிருந்தால், 'தனக்குரிய மதிப்பு அவ்வீட்டில் கிடைக்கவில்லை என அவன் கருதுகிறான்' என்றே போய்ச் சேர்ந்திருக்கும். எவரும் எவரையும் தடைசெய்திருக்கமாட்டார்கள்.

அவளுக்கு நீ கூற விரும்புவதை எழுது.

உன் மாமன்,
சீ. கோணாமலை
(ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்)

இத்துடன்: தபாற்கட்டணப் பற்றுச்சீட்டின் பிரதி ஒன்று.

*

தோஹா
24.02.2025

மாமாவுக்கு,

நான் சுகம். உங்கட முழங்காலுக்கு அக்காட்ட எண்ணெய் குடுத்துவிடச் சொல்லியிருக்கிறன். பூசாம அலுமாரியில வைக்காதீங்க. இஞ்ச குளிர் போகுது, இனி வெயில்தான். நளீர் உங்களுக்கு சலாம் சொன்னவன். உங்கட கடிதத்த வாசிச்சிட்டு, "உங்கட மாமாவ நம்மட கம்பனி ஒபிசுக்கு எடுக்கலாம்டா" எண்டு சிரிக்கிறான்.

மாமா, விசயம் இதுதான். என்ர ஒப்பந்தம் ஜூன் பதினைஞ்சோட முடியுது. அண்டைக்கு ஒண்டில் இன்னும் மூண்டு வருசத்துக்குக் கையெழுத்து வைக்கோணும், இல்லாட்டி ஊருக்கு டிக்கட். இப்பிடியே மூண்டு வருசம் போனா நானும் அவளும் பிறகு ஆரோ எவரோ. அவள் ஒரு வார்த்த கூப்பிட்டா வருவன். கூப்பிடாட்டிக் கையெழுத்துத்தான்.

அந்தக் கட்டப்பேயிட்ட இப்பிடிச் சொல்லுங்க: "நாய் எண்டு சொன்னது பிழை. வேலையில போர்மன் ஏசின கோவத்த உன்ர தலையில கொட்டித்தன். உன்ர வீட்டில நான் ராசா மாதிரித்தான் கிடந்தன், நீதான் ஒழுங்காக் கிடக்க விடல்ல. உன்ர ஏச்சுக் கேளாம எனக்குச் சோறு இறங்குதில்ல. கூப்பிடு கட்டப்பேய், வாறன்."

இத அப்பிடியே சொல்லுங்க மாமா. உங்கட ரிப்போட்டட் ஸ்பீச் எனக்குப் பள்ளிக்கூடத்திலயே விளங்கல்ல.

உடம்பப் பாத்துக்கொள்ளுங்க.
திவா

*

கடித இல. 2
தேற்றாத்தீவு,
2025 மார்ச் 12, புதன்கிழமை, முற்பகல் 7.05.

அன்பின் திவாகரனுக்கு,

24.02.2025 திகதியிட்ட உன் கடிதம் மார்ச் 7ஆம் திகதி கிடைத்தது. எண்ணெயும் கிடைத்தது, பூசினேன், பலன் சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை. உன் முதுகு எப்படியிருக்கிறது என்பதை நீ எழுதவில்லை. எழுதவும்.

10ஆம் திகதி திங்கட்கிழமை பிற்பகல் குருக்கள்மடம் சென்றேன். கேதீஸ்வரி பள்ளிச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தாள். நான் வந்த காரணத்தை அறிந்ததும் தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். உன் செய்தியைப் பின்வருமாறு எடுத்துரைத்தேன்:

'ஆகஸ்ட் மாதத்தில் தாம் தெரிவித்த கருத்துப் பொருத்தமற்றது என்றும், அது பணியிட நெருக்கடியின் விளைவு என்றும், தங்களுடைய இல்லத்தில் தாம் வசதியாகவே வாழ்ந்ததாகவும், அழைக்கப்படுமிடத்து வருவதற்குத் தாம் சித்தமாயிருப்பதாகவும் திவாகரன் தெரிவிக்கிறார்.'

அவள் பதில் கூறினாள். உன்னை எவரும் தடுக்கவில்லை என்றும், படலை பூட்டப்படவில்லை என்றும், நீ வருவதில் தனக்கு ஆட்சேபனை இல்லை என்றும், வந்தபின் சில விடயங்கள் கலந்துரையாடப்பட வேண்டியிருக்கும் என்றும் கூறினாள். உன் உணவு நிலைமை குறித்தும் விசாரித்தாள். வேறும் சில சொற்கள் இருந்தன. அவை விளிகளும் வியப்புகளும் ஆகையால் விதிப்படி விடப்பட்டன.

அவதானித்த மற்றொன்று: கொடியில், ஆண்கள் இடுப்பில் உடுக்கும் நீல நிறச் சாரம் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. இது கூற்று அன்று, முழுமைக்காகக் குறிக்கிறேன்.

முயற்சி நன்கு முன்னேறுகிறது என்பது என் கருத்து.

உன் மாமன்,
சீ. கோணாமலை

இத்துடன்: எதுவுமில்லை.

*

தோஹா
28.03.2025

மாமா,

முதுகு கிடக்கு, வலிக்குது. உங்கட பிரஷர் எப்பிடி? குளிசய விடாதீங்க.

ஆட்சேபனை இல்லையாம். பேங்கில லோன் கேட்டாலும் இப்பிடித்தான் எழுதி அனுப்புவானுகள். கேதீஸ்வரியா மாமா இந்தச் சொல்லச் சொன்னவள்? கலந்துரையாடப்பட வேண்டியிருக்கும். கலியாணம் முடிச்சி நாலு வருசத்தில அவள் என்னோட ஒருநாளும் கலந்துரையாடினதில்ல. கோப்பையத்தான் எறிஞ்சவள். எறிஞ்சிட்டு, பட்டுத்தா எண்டு ஓடிவந்து பாக்கிறவள். அப்பிடி ஒருத்தி இவ்வளவு மரியாதையாக் கதைச்சா, அவள் என்னைக் கை கழுவித்தாள் எண்டுதான் அர்த்தம்.

அந்தச் சாரம் ஆர்ர மாமா? ஆம்பிள இல்லாத வீட்டுக் கொடியில சாரம் ஏன் காயுது? உங்கட கடிதத்தில அந்த ஒரு வரியத்தான் நான் நூறு தரம் வாசிச்சன்.

அவள் சொன்னதச் சொன்னபடி எழுதுங்க. ஏச்செண்டாலும் எழுதுங்க. ஜூன் பதினைஞ்சு தூரத்தில இல்ல.

திவா

*

கடித இல. 3
தேற்றாத்தீவு,
2025 ஏப்ரல் 16, புதன்கிழமை, முற்பகல் 9.20.

அன்பின் திவாகரனுக்கு,

புத்தாண்டு உனக்கு நலமாக அமையட்டும். உன் கடிதம் 11ஆம் திகதி கிடைத்தது. பிரஷர் மாத்திரையை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. உன் முதுகுக்கு அங்குள்ள வைத்தியரைக் காண்பது நன்று.

சொன்னதைச் சொன்னபடி எழுதும் உன் வேண்டுகோளை என்னால் ஏற்க முடியவில்லை. சொன்னது சொன்னபடியே போனதனால்தான் இந்தக் குடும்பம் இந்த நிலையில் இருக்கிறது. ஒருவர் வாயிலிருந்து சூடாக வருவதை மற்றவர் கையில் அப்படியே வைப்பவன் நடுவில் நிற்கத் தகுதியற்றவன்.

14ஆம் திகதி புத்தாண்டுக் கைவிசேடப் பணம் கொடுக்கும் சாட்டில் குருக்கள்மடம் சென்றேன். கேதீஸ்வரி பலகாரத் தட்டுடன் முன்னால் வந்து, "அவர் என்ன எழுதினவர் மாமா?" என்று நான் இருக்குமுன்பே கேட்டாள். (இது சிறு கேள்வியாகையால் மாற்றாமல் விடுகிறேன்.) 'தாங்கள் தெரிவித்த ஆட்சேபனையின்மை போதிய அளவு தெளிவாக இல்லை என்று திவாகரன் கருதுகிறார், மேலும், கொடியில் காய்ந்த ஆடையின் உரிமையாளர் குறித்து விளக்கம் கோருகிறார்' என்று கூறினேன்.

அவள் தட்டைக் கதிரையின்மேல் வைத்தாள். உள்ளே சென்றாள். தேநீர் கொண்டுவரச் சென்றதாக நினைத்து நான் காத்திருந்தேன். அவள் திரும்பி வரவில்லை.

மௌனத்தை அயற்கூற்றில் எழுதும் விதி எந்தப் பாடநூலிலும் இல்லை. 'பதில் கூற விரும்பவில்லை' என்று கொள்ளவும்.

உன் மாமன்,
சீ. கோணாமலை

இத்துடன்: கோயில் விபூதி, சிறு பொட்டலம் ஒன்று.

*

குருக்கள்மடம்
20.04.2025

மாமாவுக்குக் கேதீஸ்வரி எழுதிறது.

முழங்கால் எப்பிடி மாமா? அண்டைக்கு நல்லநாளும் அதுவுமா தேத்தண்ணி குடியாம உங்கள அனுப்பித்தன். மனவருத்தம்தான். மன்னிச்சிக்கொள்ளுங்க. நேர வந்து சொல்லலாம், ஆனா நேர சொன்னா நீங்க என்ர கதையத் திருத்திப்போடுவீங்க. அதான் எழுதிறன்.

அவர் எனக்கிட்ட ஒருநாளும் "தாங்கள்" எண்டு கதைச்சதில்ல. "அழைக்கப்படுமிடத்து" எண்டா என்ன மாமா? நான் என்ன கலியாணத்துக்கு அழைப்புக் காட்டா அடிக்கிறன்? "விளக்கம் கோருகிறார்." அவர் என்ன பொலிஸா? சாரத்த ஆர்ர எண்டு எந்த வாயால கேட்டார்?

நாய் எண்டு சொன்ன நேரம் நெஞ்சு எரிஞ்சிது. ஆனா அது அவர்ர குரல். அவர்ர குரலோட எனக்குச் சண்ட பிடிக்கத் தெரியும். இப்ப வாறது ஆர்ர குரல் எண்டே எனக்குத் தெரியல்ல. அங்க ஆரையும் வெச்சி எழுதுறாரோ, இல்லாட்டிப் பெரிய மனிசனாப் பொயித்தாரோ. பெரிய மனிசனெண்டா அங்கயே இருக்கட்டும். நான் கூப்பிடமாட்டன்.

இத அவருக்கு எழுதாதீங்க. எழுதினா அதுக்கும் ஒரு "என்றும் என்றும்" திரும்பி வரும்.

எண்ணெயப் பூசுங்க.

கேதீஸ்வரி

*

தோஹா,
05.05.2025

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

நலம். தங்கள் நலமறிய ஆவல்.

தங்கள் கடிதமும் விபூதியும் கிடைத்தன. அவள் பதில் கூற விரும்பவில்லை என்பதை விளங்கிக்கொண்டேன். எனக்கும் ஆட்சேபனை இல்லை. ஜூன் 15ஆம் திகதி ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவேன்.

நளீர் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்கு வருகிறார். என் உடுப்புப் பெட்டி, சான்றிதழ்கள், தூண்டில் கம்பு ஆகியவற்றை அவரிடம் ஒப்படைக்குமாறு கேதீஸ்வரிக்கு அறிவிக்கவும். அவை இனிக் கிரானில் அக்கா வீட்டில் இருக்கும்.

இதை நீங்கள் மாற்ற வேண்டியதில்லை. நானே மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
திவாகரன்

*

கடித இல. 4
தேற்றாத்தீவு,
2025 மே 21, புதன்கிழமை, முற்பகல் 5.50.

அன்பின் திவாகரனுக்கு,

சுகம் விசாரிப்பதைப் பின்னுக்கு வைக்கிறேன். மன்னிக்கவும்.

உன் கடிதம் 19ஆம் திகதி கிடைத்தது. அதைப் பலமுறை வாசித்தேன். அதில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்திய எனக்கு, பிழையில்லாத ஒரு தாளைக் கண்டு இவ்வாறு பயம் ஏற்பட்டதில்லை.

உன் பொருள்களைப் பற்றிய அறிவித்தலை நான் இன்னும் கேதீஸ்வரிக்குக் கொண்டுசெல்லவில்லை. குருக்கள்மடம் செல்லும் பஸ்ஸில் நேற்று ஏறினேன். துறையடித் தரிப்பிடத்தில் இறங்காமல் ஆரையம்பதிவரை போய் வேறு பஸ்ஸில் திரும்பிவிட்டேன். நடுவில் நிற்பவன் ஒரு கூற்றைத் தன்னிடமே வைத்துக்கொள்வது முறையல்ல. அறிவேன். வைத்திருக்கிறேன்.

அவளிடமிருந்து எனக்கு ஒரு குறிப்பு வந்தது. அதில் உள்ளதை உனக்கு எழுதவேண்டாம் என்று கேட்டிருக்கிறாள், ஆகையால் எழுதவில்லை. ஒன்றை மட்டும் என் சொந்தக் கூற்றாக எழுதுகிறேன்: அவசரப்பட்டுக் கையொப்பமிடாதே.

இதற்கு உடனே பதில் போடு. முதற் கடிதம் எழுதிய மாதிரியே எழுது. என்னை ஏசினாலும் சரி.

உன் முதுகு எப்படி? என் முழங்காலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

உன் மாமன்,
சீ. கோணாமலை

இத்துடன்: முகவரி எழுதிய பதில் உறை ஒன்று.

*

கடித இல. 5
தேற்றாத்தீவு,
2025 ஜூன் 13, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.15.
(தபாலில் அல்ல; நளீரின் கைவழி)

அன்பின் திவாகரனுக்கு,

4ஆம் இலக்கக் கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் வரவில்லை. அது உன்னைச் சேர்ந்ததா, சேர்ந்தும் நீ எழுதவில்லையா என்பது எனக்குத் தெரியாது. நளீர் இன்று மாலை காத்தான்குடியிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் பஸ் எடுக்கிறார். நாளை இரவுக்குள் உன் அறையில் இருப்பார். நாளை மறுநாள் 15ஆம் திகதி. ஆகவே இக்கடிதத்தில் நீ சுகமா என்று கேட்பதோடு நிறுத்தி, நடந்ததற்கு வருகிறேன்.

11ஆம் திகதி புதன்கிழமை நளீரும் அவர் மனைவி முப்லிஹாவும் முச்சக்கர வண்டியில் வந்து என்னையும் ஏற்றிக்கொண்டு குருக்கள்மடம் சென்றார்கள். அவர்கள் வந்த காரியம் உன் பொருள்களை எடுப்பது. அறிவித்தல் இன்னும் என்னிடமே இருக்கிறது என்பதை வண்டியில் வைத்துத்தான் நளீரிடம் கூறினேன். அவர், "அல்லாஹ், சேர், அப்ப அந்தக் கதைய நானா சொல்லோணும்?" என்றார்.

கேதீஸ்வரி பின்வளவில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். துறையடியில் காலையில் வாங்கியது. இனி நடந்த உரையாடலை, பேசியவர்கள் பேசியபடியே எழுதுகிறேன். ஆளையோ காலத்தையோ இடத்தையோ நான் மாற்றவில்லை.

நளீர் கூறினார்: "தங்கச்சி, திவா அவன்ர சாமானெல்லாம் எடுத்து வரச் சொன்னவன்."

கேதீஸ்வரி, அவரை அண்ணன் முறையில் 'நானா' என விளித்து, தலை நிமிராமல்: "ஆர் சொன்ன, நானா? அவரா, மாமாவா?"

"அவன்தான். ஆனா அவன் சொன்ன மாதிரிச் சொன்னா நீ கோவிப்பாய்."

"சொன்ன மாதிரியே சொல்லுங்க. மூண்டு மாதமா ஒருத்தரும் எனக்குச் சொன்ன மாதிரிச் சொல்லல்ல."

நளீர் என் பக்கம் பார்த்தார். நான் வேலிப் பக்கம் பார்த்தேன்.

"'அந்தக் கட்டப்பேய் என்னை மறந்துத்தாள் மச்சான். சாமானக் கேள். பெட்டியத் தந்தாப் பரவாயில்ல. தூண்டில் கம்பக் கேட்டுப் பாரு. பேசாம எடுத்துத் தந்தாளெண்டா எல்லாம் முடிஞ்சிது. எடுத்து எறிஞ்சாளெண்டா இன்னும் கொஞ்சம் கிடக்கு.' இப்பிடித்தான் சொன்னவன்."

அவள் கையிலிருந்த இறால் சட்டிக்குள் விழுந்தது.

"என்ன பேய் எண்டவர்?"

"கட்டப்பேய். சோத்துக் கோப்பைக்கு முன்னால இருந்தா நாளாந்தம் இந்தப் பேர்தான். 'கட்டப்பேய் இரிந்தா இந்தக் கறிய என்ர மூஞ்சில ஊத்துவாள்' எண்டு சொல்லிச் சொல்லித் தின்னுவான். எங்கட அறையில பத்துப் பேருக்கும் உன்ன அந்தப் பேர்லதான் தெரியும்."

கேதீஸ்வரி எழுந்தாள். அவள் என்னை நோக்கி வந்தபோது, வகுப்பில் பிடிபட்ட மாணவன் எப்படி நின்றிருப்பான் என்பதை நான் விளங்கிக்கொண்டேன்.

"மாமா. அவர் உங்களுக்கு எழுதின கடுதாசியிலயும் இது இரிந்ததா?"

"இருந்தது."

"எத்தின தரம்?"

"இரு தடவை. தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று."

"அத எங்க போட்டீங்க?"

நான் விதியைக் கூறினேன். விளிச்சொற்கள் அயற்கூற்றில் இடம்பெறுவதில்லை என்றேன். முப்லிஹா சட்டியைப் பார்த்தபடி, "சேர் இறால வெளிய போட்டுத்துக் கோதக் கவனமாக் கறிக்குக் குடுத்திரிக்கார்" என்றாள். நளீர் சிரிக்காமலிருக்க மிகவும் முயன்றார்.

அதன் பின்னர் உன் பெப்ரவரிக் கடிதத்தில் இருந்ததை நினைவிலிருந்து, உன் சொற்களிலேயே, அவளுக்குச் சொன்னேன். ராசா மாதிரிக் கிடந்ததையும் சொன்னேன். சோறு இறங்காததையும் சொன்னேன். 'கட்டப்பேய்' என்ற சொல்லை என் வாயால் உரத்து உச்சரித்தது அதுவே முதல் தடவை. அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்பதை என்னால் உறுதியாக எழுத முடியவில்லை.

உனக்கும் ஒரு கடன் உண்டு. மார்ச் 10ஆம் திகதி அவள் கூறியதை நான் உனக்கு எவ்வாறு எழுதினேன் என்பது உன்னிடம் இருக்கிறது. அவள் கூறியது இது:

"ஆர் தடுத்த அவர? படலைக்கு என்ன பூட்டா போட்டிரிக்கு? அந்த விசர் மனிசன வரச்சொல்லுங்க மாமா. வரட்டும், வந்தா நல்லா வாங்கிக் கட்டுவார். ஐயோ, அங்க என்னத்தத் தின்னுறாரோ தெரியா. அதக் கேட்டு எழுதுங்க முதல்."

திவாகரா, நீ கேட்ட அழைப்பு அதுதான். மூன்று மாதங்களுக்கு முன்பே அவள் உன்னை அழைத்துவிட்டாள். அதை 'ஆட்சேபனை இல்லை' என்று எழுதியவன் நான்.

சாரத்தைப் பற்றி நளீர் கேட்டார். அவள் கூறினாள்: "அவர்ர சாரம்தான். பெட்டிக்க கிடந்து பழுதாப் போகுமெண்டு மாதத்துக்கு ஒருக்காத் தோய்ச்சிப் போடுறன். ஆர்ர எண்டு கேட்ட வாய்க்கு உறைப்புக் கொச்சிக்காய்தான் வைக்கோணும். அதையும் எழுதுங்க மாமா. திருத்தாம."

எழுதியிருக்கிறேன்.

பின்னர் அவள் வீட்டுக்குள் போனாள். தூண்டில் கம்போடு வெளியே வந்தாள். நளீர் இரு கைகளையும் நீட்டினார். அவள் அவரைத் தாண்டி, என் தலைக்கு மேலால், கம்பை வளவின் நடுவில் எறிந்தாள். அது தென்னையில் பட்டு விழுந்தது.

"இந்தா, எறிஞ்சித்தன். போய்ச் சொல்லுங்க நானா. ஒரு சாமானும் தரமாட்டன். வேணுமெண்டா வந்து எடுக்கட்டும்."

இதற்குப் பிறகு அவள் நளீரின் போனைக் கேட்டாள். தன் குரலைப் பதிவுசெய்து தரப்போவதாகக் கூறினாள். என் முதலாம் நிபந்தனையை நினைவூட்டுவதற்கு நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"இத ஆருக்கும் அனுப்பப்படாது நானா. அவருக்கும் அனுப்பப்படாது. நீங்க கொண்டுபோய் அவர்ர காதில வெச்சிக் கேக்க வெச்சிட்டு அழிக்கோணும். மாமா, நீங்க கொஞ்சம் வளவுக்க போய் நில்லுங்க."

சென்று நின்றேன். கம்பு கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். சொற்கள் எனக்கு எட்டவில்லை. முதலில் குரல் ஏறியது. நெடுநேரம் ஏறியே இருந்தது. பின்பு தாழ்ந்தது. பின்பு ஒன்றும் கேட்கவில்லை. முப்லிஹா எனக்குத் தேநீர் கொண்டுவந்தாள். "உள்ள என்ன பேசினாள்?" என்று கேட்டேன். "சேர், அது உங்களுக்கில்ல" என்றாள்.

என் விதிகளில் பிழை இல்லை. பரீட்சைத் தாளில் அவற்றுக்கு இன்றும் முழுப் புள்ளி கிடைக்கும். அவற்றை அந்த வீட்டுப் படலைக்குள் கொண்டுபோயிருக்கக்கூடாது.

15ஆம் திகதி காலையில் பேனாவை எடுக்குமுன் நளீரின் போனைக் காதில் வை. அதன்பின் என்ன செய்கிறாய் என்பதை எனக்கு எழுதவேண்டியதில்லை. குருக்கள்மடத்துக்கு அறிவித்தால் போதும், இம்முறை நேராக. உன் இலக்கம் அங்கே திறந்திருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. நீயே அழைத்துப் பார்.

முதுகைக் கவனித்துக்கொள். எண்ணெய் பலன் தருகிறது.

உன் மாமன்,
சீ. கோணாமலை

இத்துடன் இணைக்கப்பட்டவை:

1. இறால் சம்பல், ஒரு போத்தல். மூடியை இறுக்கியவள் கேதீஸ்வரி; திறக்க இருவர் தேவைப்படலாம்.

2. நீலச் சாரம். (இணைக்கப்படவில்லை. "வந்து எடுக்கட்டும்.")

3. தூண்டில் கம்பு. (இணைக்கப்படவில்லை. எறிந்த இடத்திலேயே கிடக்கிறது. எடுக்கப்போன என்னை அவள் தடுத்தாள்.)

4. கேதீஸ்வரியின் குரல், நளீரின் போனில். அதில் என்ன கூறப்பட்டது என்பதை என்னால் எழுத முடியாது. நான் வளவில் நின்றேன்.